உருகிப்போன பிரேக் வேன்

ஏட்டி நித்தி,

பெட்டியைப் பிரித்ததும் மேலே இருக்கிற பொம்மை நிலக்கரி வேகனைத்தான் முதலில் எடுத்திருப்பாய். புனேயிலிருந்து நீ அனுப்பியபடியே, ஒரு பொட்டு பெயிண்ட் படாமல், வெள்ளை வெளேரென்று திரும்பி வந்திருக்கிறதே என்று முறைத்தும் இருப்பாய். "அம்மா, கட்டி முடிச்சாச்சு. வழக்கம்போல நீ பூசி அனுப்பு. என் கைதான் தெரியுமே" என்று நீ எழுதி வைத்த சீட்டும் அதற்குள்ளேயே இருக்கிறது. உன் கையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வேகனுக்குக் கீழே, பழைய சேலைத் துண்டில் சுற்றிய ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். அதை இப்போது திறக்காதே. கடிதத்தின் கடைசிக்கு வந்தபிறகு திற. ஏமாற்று வேலை ஏதும் இல்லை. உள்ளேயிருந்து ரப்பர் பல்லி எதுவும் குதிக்காது. சத்தியம்.

நான் சத்தியம் என்று எழுதினாலே உனக்குச் சிரிப்பு வரும். வரத்தானே செய்யும். எனக்கு வயசு ஐம்பத்தாறு. வாய்க்கு மட்டும் இன்னும் பதினாறு. ரயில் ஹாரன் கேட்கும் தூரத்தில் இருக்கிற வீடுகள் இனிமேல் மாதாமாதம் கேட்புக் கட்டணம் கட்ட வேண்டும் என்று இங்கிலீஷில் ஒரு நோட்டீஸ் தயார் செய்து நம் லிஃப்டில் ஒட்டியவள் நான். உங்கப்பா அதைப் படித்துவிட்டு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் தள்ளுபடி உண்டா என்று அசோசியேஷன் செக்ரட்டரியிடம் போய்க் கேட்டார். உனக்குப் பள்ளிக்கூட டப்பாவில் இட்லிக்குப் பதிலாக வெள்ளைப் பஞ்சை வட்டமாக வெட்டி, மேலே நிஜச் சட்னி ஊற்றிக் கொடுத்தவளும் நான்தான். இப்படிப்பட்ட வாயிலிருந்து ஒரு உண்மை வந்தால் யார் நம்புவார்கள்? ஒரு தடவை முயற்சி செய்து பார்த்தேன். அதை அப்புறம் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் போன் வந்து முடிந்ததும் உங்கப்பாதான் சொன்னார். "பேசாத. எழுது. பேசினா நீ நடுவுல ஒரு ஜோக் அடிப்ப, அவ சிரிச்சிருவா, சோலி முடிஞ்சிரும்." அந்த மனுஷன் வருஷத்துக்கு நாலு வாக்கியம் பேசுவார். நாலும் சரியாக இருக்கும்.

நீ ஆறு வயதில் நம் மல்காஜ்கிரி வீட்டு பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போகிற ரயில்களின் பெட்டிகளை எண்ணத் தொடங்கினாய். பயணிகள் ரயிலை நீ மதித்ததே இல்லை. "அதுல சும்மா ஆளுங்கதான்ம்மா போறாங்க" என்பாய். உனக்கு ரயில் என்றால் சரக்கு ரயில். தெலுங்கில் எண்ணுவாய், எண்ணிக்கை தப்பினால் இந்தியில் திட்டுவாய், புகார் மட்டும் என்னிடம் தமிழில் வரும். "அம்மா, இவன் ஸ்பீடா போயிட்டான், முப்பத்தெட்டு மிஸ் ஆயிடுச்சி!" பேர்தான் வேகன், வேகமே கிடையாது என்று நான் சொல்ல, "நக்கோ அம்மா, ஓல்டு ஜோக்" என்று நீ காதைப் பொத்திக்கொள்வாய். உனக்கு ஒரு வேகனாவது சொந்தமாக வேண்டும் என்று தோன்றி, நாம் ரெண்டு பேரும் செகந்திராபாத்தில் கடை கடையாக ஏறினோம். பாகம் பாகமாக வாங்கி ஒட்டுகிற கிட் இருக்கிறது என்றார்கள். விலையைக் கேட்டபிறகு கிட்டவே போகவில்லை. வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டு இருந்தன. நல்ல தடிமனான அட்டை, ஓரம் பிசிறாது. நம் முதல் வேகன் அப்படித்தான் பிறந்தது. வெளியே பார்த்தால் பக்கா நிலக்கரி வேகன். உள்ளே எட்டிப் பார்த்தால் யாரோ ஒரு மாப்பிள்ளை எங்கே எம்.பி.ஏ. படித்தார் என்று தங்க எழுத்தில் தெரியும்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை துறுதுறுக்கிறது. தையல்காரர்கள் துணியில் அளவுப் புள்ளி வைக்க ஒரு சின்னப் பல்சக்கரம் வைத்திருப்பார்களே, அதை அட்டையின் பின்பக்கம் ஓட்டினால் முன்பக்கம் நிஜ வேகன் தகட்டின் ஆணித்தலை மாதிரி ரிவெட் ரிவெட்டாக வரிசையாக எழும்பும். அதைக் கண்டுபிடித்தவள் நீ. என் ஜாக்கெட் அளவு கொடுக்கப் போன இடத்தில், "ஆன்ட்டி, இது எனக்கு ரெண்டு நாளைக்குத் தருவீங்களா" என்று தையல்கார அம்மாவிடம் கேட்டு வாங்கினாய். இஸ்திரி வண்டிக்காரரிடம் அணைந்த கரி வாங்கி, நுணுக்கி, பசையில் தூவினால் அதுதான் நிலக்கரி. வேகன் தண்டவாளத்தில் ஆடாமல் இருக்க ஸ்கூட்டர் மெக்கானிக் தூக்கிப் போட்ட நட்டுகளை அடியில் ஒட்டினோம். சக்கரம் மட்டும் செய்ய முடியாத பொருள், காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதனால் நாம் செய்த மூன்று வேகனுக்கும் சேர்த்து ஒரே ஒரு செட் சக்கரம். காலையில் எழுந்ததும், "இன்னைக்கு யாருக்கு டூட்டி?" என்று கேட்பாய். டூட்டி கிடைத்த வேகன் சக்கரத்தில் நிற்கும். மற்ற ரெண்டும் தீப்பெட்டி மேல் உட்கார்ந்து ஒர்க்‌ஷாப்பில் இருப்பதாகப் பேர். இப்போது உன்னிடம் எல்லா வேகனுக்கும் சக்கரம் இருக்கிறது. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்: எல்லாம் ஒரே நாளில் ஓட வேண்டும் என்று அடம்பிடிக்காதே. ரெண்டு பேர் தீப்பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிற வீடும் நல்லாத்தான் ஓடும்.

வண்ணத்துக்கு நாம் ஒரு பைசா செலவழித்ததில்லை. அபார்ட்மெண்ட் கேட்டுக்கு அடித்து மீந்த ரெட் ஆக்சைடு பாதி டப்பா மாடியில் கிடந்தது. அது அச்சு அசல் சரக்கு வேகன் நிறம். டப்பா இறுகிப்போக ஆரம்பித்ததும், கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறையில் ஒரு பாட்டில் தின்னர் கேட்டு வாங்கி வந்து, அதை விட்டு இளக்கினேன். அட்டை வேகன்களுக்கு அது அருமையாகப் பிடித்தது. அப்போதெல்லாம் நீதான் பூசுவாய், ஞாபகம் இருக்கிறதா? மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு. ஒரு ரிவெட் மூடாது. பதினோரு வயசு, பன்னிரண்டு வயசு. அந்த மூன்று வேகன்களையும் பூசியது நீ. இதை நான் இங்கே அழுத்தி எழுதக் காரணம் இருக்கிறது: உனக்கு இது மறந்தே போய்விட்டது. நான் மறக்கடித்தேன்.

உன் பதின்மூன்றாவது பிறந்தநாளுக்கு நிஜ கிட் வந்தது. உங்கப்பா ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போனார். பிளாஸ்டிக் கிட். பிரேக் வேன், சரக்கு ரயிலின் கடைசியில் கார்டு உட்கார்ந்து போகிற பெட்டி. சின்னக் கதவு, சின்ன ஜன்னல், ரெண்டு பக்கமும் நிற்க இடம். நீ இருபது நாள் எடுத்துக்கொண்டாய். அரம் வைத்துத் தேய்த்து, ஒட்டி, காய வைத்து, திரும்பத் தேய்த்து. பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு மறுநாள் கொண்டுபோக வேண்டும். அன்றைக்கு டியூஷனுக்குக் கிளம்பும்போது, கிட்டோடு வந்த தாளை என்னிடம் நீட்டினாய். "அம்மா, இதுல வாட்டர் பெயிண்ட் மட்டும்தான் யூஸ் பண்ணணும்னு போட்டிருக்கு."

"தாள்ல அப்படித்தாம்ட்டி போடுவான். அப்பத்தான அவன் பெயிண்டையும் அவன்ட்டயே வாங்குவோம்."

"இல்லம்மா, பிளாஸ்டிக்குக்கு வேற எதுவும் கூடாதுன்னு பெருசா போட்டிருக்கான்."

"நான் ஃபேக்டரில இத்தன வருஷம் இருக்கேன். எனக்குத் தெரியாத பிளாஸ்டிக்கா? நீ போய்ட்டு வா."

எனக்குத் தெரிந்தது சால்டரிங். குஷாய்குடா பக்கத்து ஃபேக்டரியில் நான் ஈயம் பற்ற வைத்த எலெக்ட்ரானிக் போர்டு ஒன்றுகூடப் பழுதென்று திரும்பி வந்ததில்லை. புதிதாகச் சேருகிற பிள்ளைகளைக் கூட்டி வந்து, "இந்த அம்மா கையப் பாருங்க, எவ்வளவு லேசு" என்று காட்டுவார்கள். அந்தப் பேர் என் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. பிளாஸ்டிக்குக்கும் தின்னருக்கும் ஆகாது என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. ஆனால் தாள் சொன்னது, நீ சொன்னாய், நான் கேட்கவில்லை. வழக்கம்போல ரெட் ஆக்சைடில் தின்னரை விட்டேன். இறுகியிருந்ததால் கொஞ்சம் தாராளமாகவே விட்டேன். நீ திரும்பி வருவதற்குள் வேலையை ஆரம்பிக்கலாம் என்று வேனின் அடிப்பக்கத்தை நானே பூசினேன். மீந்தால் வீண் என்று அதிலும் ரெண்டு கை கூட. நீ உள்ளே வரவும் அதை நிமிர்த்தித் தீப்பெட்டிகள் மேல் வைக்கவும் சரியாக இருந்தது. நான் சொன்ன வாக்கியம் உனக்கு ஞாபகம் இருக்கும், ஏனென்றால் நீ அதற்குச் சிரித்தாய்: "அடிவயிறு நான் பூசிட்டேன், முகத்த நீ பூசு." வாசல் பக்கமாக வந்த உங்கப்பா, "என்ன, பட்டறை வாசம் அடிக்கி?" என்றார். "கண்காட்சிக்குப் போற வண்டி, சென்ட் போட்டிருக்கு" என்றேன். நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு பக்கமும் பூசினாய்.

காலையில் என்ன ஆகியிருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கச்சுவர் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது. கதவு தொங்கிவிட்டது. ஜன்னல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தது. நீ யூனிஃபார்மில், ஒரு காலில் ஷூவோடு நின்றாய். அழவில்லை. "ஏமைந்தி?" என்றாய், எப்போதும் பெரிய அதிர்ச்சி உனக்குத் தெலுங்கில்தான் வரும். அப்புறம் என்னைப் பார்த்து, "என்னம்மா ஆச்சு?" என்றாய். உங்கப்பாவும் என்னைப் பார்த்தார். ரெண்டு பேர் முகத்திலும் கேள்விதான் இருந்தது, குற்றச்சாட்டு இல்லை. அந்த ஒரு விநாடியில் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. தாளைப் பற்றி நீ சொன்னது காதில் கேட்டது. என் வாய்தான் என்னைவிட வேகமாயிற்றே. "கை அழுத்தம்ட்டி உனக்கு. ஒரே இடத்துல ரெண்டு தடவ தேச்சிருக்க. பிளாஸ்டிக் தாங்குமா?"

நீ குனிந்து உன் வலது கையைப் பார்த்தாய். விரல்களை விரித்து, திருப்பி, பார்த்தாய். அந்தப் பார்வையைத்தான் நான் இத்தனை வருஷம் மறக்கப் பார்க்கிறேன். நீ பள்ளிக்கூடத்துக்கு வெறுங்கையோடு போனாய். வேனைத் தூக்கிப் போடுவதற்காகக் கையில் எடுத்தேன், கவிழ்ந்தது. அடிப்பக்கம் தெரிந்தது. உன் பிரஷ் அங்கே போகவே இல்லை. அது முழுக்க என் லேசான கை. பக்கங்களைவிட மோசமாக உருகி, நடுவில் ஒரு ஓட்டையே விழுந்திருந்தது. அப்போது எனக்கு மீதிப் பாதியும் புரிந்தது. பேரே தின்னர், தின்றுவிட்டது. சாயங்காலம் நீ வந்ததும் சொல்லியிருக்கலாம். நீ வந்ததும், "அந்த வேன் எங்கம்மா?" என்றாய். "தூக்கிப் போட்டுட்டேன்" என்றேன். முதல் பொய் வாய் தவறி வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ரெண்டாவது பொய்யை நான் நாள் முழுக்க யோசித்து வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு நீ பிரஷ்ஷைத் தொடவில்லை. "கட்டுறது நான், பூசுறது நீ" என்று நீயே சட்டம் போட்டாய். நானும் பெரிய மனசு பண்ணி ஒத்துக்கொண்டேன். அதோடு விட்டேனா? "நித்தி கை" என்று ஒரு சொல்லையே வீட்டில் புழக்கத்தில் விட்டேன். தோசை கிழிந்தால் நித்தி கை. கோலம் கோணினால் நித்தி கை. நம் ஏரியாத் தமிழ்க் குடும்பங்களின் பொங்கல் விழாவில் மைக் கிடைத்ததும், "எங்க வீட்டுக்கு வெள்ளையடிக்கணும், நித்திய மட்டும் கூப்பிட மாட்டோம், சுவரு உருகிரும்" என்றேன். இருநூறு பேர் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், கைகள் ரெண்டையும் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு. அதனால்தான் இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியை விழாவின் ஆண்டு மலருக்கும் கொடுக்கிறேன். கூட்டத்தில் விட்ட கேலியை வீட்டுக்குள் வைத்துத் திரும்ப வாங்கினால் அது கணக்கில் வராது. மாரெட்பள்ளியிலிருந்து குஷாய்குடா வரைக்கும் என் ஜோக்குக்குச் சிரித்த எல்லோரும் இதையும் படிக்கட்டும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து டிசைன் படிப்புக்கு விண்ணப்பம் நிரப்பினாயே, அது குப்பைக் கூடையில் நாலாகக் கிழிந்து கிடந்ததை நான் பார்த்தேன். என்ன ஆயிற்று என்றேன். "கையால வரையணுமாம்மா. நமக்கெல்லாம் அக்கர்லேது, வேண்டாம்" என்றாய். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில்தான் நான் அந்த ஒரு முயற்சியைச் செய்தேன். "ஏட்டி, உண்மையச் சொல்லட்டா? அந்த வேன உருக்குனது நாந்தான். நான் தின்னர கலந்தேன்."

நீ என்னையே பார்த்தாய். பிறகு சிரித்தாய். "ஹவ் ஹவ், ஆமாமா. அப்படின்னா டப்பால பஞ்சு இட்லி வெச்சதும் நான்தான். விடும்மா, ஃபீல் பண்ணாத."

நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு இடம் கிடைத்தது, ஒளிந்துகொண்டேன். உங்கப்பா மோர் ஊற்றிக்கொண்டே இருந்தார். நீ எழுந்து போனபிறகு, "இன்னொரு தடவ சொல்லு. சிரிக்காம சொல்லு" என்றார். நான் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னாய். கம்பெனியில் புதுப் பொருள் வடிவமைக்கிற பிரிவுக்கு உன்னைக் கூப்பிடுகிறார்கள். மாதிரிகளை முதலில் கையால் செய்து, வண்ணம் பூசிக் காட்ட வேண்டிய வேலை. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். "நான் மாட்டேன்னுதான் சொல்லப் போறேன்ம்மா. கட்டுறது ஓகே. பூசுறதுக்கு உன்னை புனேக்கு டெபுடேஷன்ல அனுப்ப முடியாதே" என்று சிரித்தாய். எனக்கு இருக்கிற ஜோக்கெல்லாம் அந்த இடத்தில் தீர்ந்துவிட்டது. போனை வைத்தபிறகு உங்கப்பா வருஷத்துக்கான வாக்கியத்தைச் சொன்னார். மறுநாள் காலை உன் வேகன் வந்து சேர்ந்தது.

அந்த வேலையை எடுத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. உனக்குப் பிடிக்காவிட்டால் விடு; நேரம் இல்லாவிட்டால் விடு; மேலதிகாரி மூஞ்சி சரியில்லாவிட்டால் தாராளமாக விடு. உன் கையைக் காரணம் காட்டி விடாதே. அந்தக் காரணம் உன்னுடையது அல்ல, நான் பதினாலு வருஷத்துக்கு முன்னால் உன் கையில் திணித்தது. இனிமேல் எந்த வேலை கெட்டுப்போனாலும், கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்கு முன்னால் டப்பாவை மோந்து பார். யார் கலந்தார்கள் என்று கேள். கலந்தவர் ரொம்பக் கெட்டிக்காரர் என்று பேர் எடுத்தவராக இருந்தால், பெற்ற தாயாகவே இருந்தாலும், ரெண்டு தடவை கேள். என் மேல் கோபம் வந்தால் வரட்டும். நாலு நாள் போன் எடுக்காமல் இரு, எட்டு நாள் இரு. அதைச் சமாதானப்படுத்த எந்த ஜோக்கும் அனுப்ப மாட்டேன்.

பெட்டியின் ஓரத்தில் தண்ணீரில் கரைகிற காவிச் சிவப்பு ஒரு பாட்டில் இருக்கும். இந்த முறை தாளில் போட்டிருந்தபடியே வாங்கினேன். கூட என் மெல்லிசு பிரஷ். கிட்டிலிருந்து பாகங்களைக் கிள்ளியபிறகு மீந்த பிளாஸ்டிக் சட்டத்தை நீ தூக்கிப் போட்டிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். முதலில் அதில் பூசிப் பார். காய்ந்தபிறகு வேகனில் பூசு. நாக்கை ஓரமாக நீட்டிக்கொள்ள மறக்காதே.

இப்போது டப்பாவைத் திற. அந்தப் பிரேக் வேனை நான் தூக்கிப் போடவில்லை. அலமாரியில் சேலைகளுக்கு நடுவில் வைத்திருந்தேன். பக்கங்களைப் பார்க்க வேண்டாம், அவற்றை நீ பார்த்தது போதும்.

கவிழ்த்துப் பார்.

அம்மா